வாலால் தோண்டும் நாடா

பாலத்துக்குக் கீழே, ஆறு கடலோடு சேருகிற இடத்தில், தூண்டில்காரர்களுக்குப் புழு விற்கிற கடை ஒன்றே ஒன்றுதான். தகரக் கூரை, ஒரு மேசை, ஈரச் சாக்குப் போட்டு மூடிய நாலு பிளாஸ்டிக் தொட்டி, இரண்டு நாற்காலி. நடத்துகிறவர்கள் இரண்டு பெண்கள். ஒருத்தி சேற்றில் இறங்கிப் புழு தோண்டுவாள். இன்னொருத்தி கடையில் உட்கார்ந்து விற்பாள். விற்கிறவள் தோண்டுகிறவளுக்கு நாத்தனார் முறை, வீட்டுக்காரரின் தங்கை. நாள் முழுக்க "அண்ணி, அண்ணி" என்று கூப்பிட்டுக்கொண்டே இருப்பாள். அதைக் கேட்டுக் கேட்டு, தூண்டில்காரர்கள், படகுக்காரர்கள், பாலத்தில் சீட்டுக் கிழிக்கிறவர் எல்லாருமே அவளை அண்ணி என்று கூப்பிடப் பழகிவிட்டார்கள். அதில் அவளைவிடப் பத்து வயது மூத்தவர்களும் உண்டு.

அண்ணிக்கு வயது நாற்பத்தாறு. அதில் இருபத்திரண்டு வருஷம் இந்தச் சேற்றில் போயிருக்கிறது. தண்ணீர் இறங்கியதும் கண்ணுக்கெட்டிய தூரம் சேறு பளபளவென்று கிடக்கும். பார்க்கத் தரை மாதிரி இருக்கும், காலை வைத்தால் ஆளையே உள்ளே இழுக்கும். அதனால் அண்ணி நடக்க மாட்டாள், சறுக்கிக்கொண்டு போவாள். அவள் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். கழித்துப் போட்ட லிஃப்ட் கதவுத் தகடு ஒன்றை முன்பக்கம் வளைத்து, முழங்கால் வைக்க ரப்பர் ஒட்டி, அவளுக்கு ஒரு சறுக்குப் பலகை செய்து கொடுத்திருந்தார். ஒரு காலைத் தகட்டில் மண்டியிட்டு, மற்றக் காலால் சேற்றை உதைத்து அவள் போகிற போக்கைப் பார்க்க, பாலத்தில் வண்டியை நிறுத்துகிறவர்களும் இருந்தார்கள்.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த பிழைப்பில்தான் ஒரு நாள் காலை அந்த ஆள் வந்து சேர்ந்தார்.

முதலில் பார்த்தது நாத்தனார். அவள் கண்ணுக்கு எதுவும் தப்பாது. கண்ணில் பட்டது வாயிலும் தங்காது.

"அண்ணி, மெதுவாத் திரும்பிப் பாருங்க. சட்டுனு திரும்பாதீங்க. தொப்பி போட்ட ஆளு. புது மண்வெட்டி, நாலு வெள்ளை வாளி."

"தூண்டில் போட வந்திருப்பாரு."

"தூண்டில் எங்க இருக்கு? வாளியைப் பாருங்க, மூடியோட இருக்கு. புழு தோண்டத்தான் வந்திருக்காரு. போட்டிக் கடை வரப்போகுது."

அந்த ஆள் கரையோரமாகவே குனிந்து ஒரு குழி தோண்டினார். உள்ளே எட்டிப் பார்த்தார். ஒன்றும் இல்லை போலிருக்கிறது. பையிலிருந்து நோட்டை எடுத்து ஏதோ எழுதினார். பிறகு ஒரு மூங்கில் குச்சியை அந்த இடத்தில் நட்டார். குச்சியின் நுனியில் சிவப்புத் துணிக் கொடி. நாலடி தள்ளிப் போய் இன்னொரு குழி, இன்னொரு எட்டிப் பார்ப்பு, இன்னொரு கொடி. மத்தியானத்துக்குள் பதினோரு கொடி. மறுநாள் முப்பது. அதற்குள் அவருக்குக் கொடிக்காரர் என்று பெயரும் விழுந்துவிட்டது.

ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். எரிவாயுக் குழாய் போட அளக்கிறார் என்றார் பாலத்துச் சீட்டுக்காரர். எவனோ கொள்ளைக்காரன் புதைத்து வைத்ததைத் தேடுகிறார் என்றார் ஒரு படகுக்காரர். நாத்தனாருக்கு மட்டும் சந்தேகமே இல்லை. "இடம் பாக்கறாரு. எந்தக் கொடிப் பக்கம் புழு நிறைய வருதோ அங்க கடையைப் போட்டுடுவாரு."

அண்ணி முதலில் இதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. அந்த ஆள் சேற்றைத் தோண்டுகிற லட்சணத்தைப் பார்த்தால், ஆயுசு முழுக்கத் தோண்டினாலும் அரை டப்பா புழு தேறாது. ஆனால் ஒரு வாரம் போய், இரண்டு வாரம் போய், மூன்றாவது வாரமும் அவர் தினமும் தண்ணீர் இறங்குகிற நேரத்துக்குச் சரியாக வந்து நிற்கவும், நாத்தனார் சொல்வது சரிதானோ என்று அவளுக்கும் தோன்ற ஆரம்பித்தது. விட்டுவிட்டுப் போகிற ஆளாகத் தெரியவில்லையே.

இருபதாவது நாள் அவரே கடைக்கு வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, ரொம்ப மரியாதையாகக் கேட்டார்.

"மேடம், இங்க சேறு நல்லா மெத்துனு இருக்கிற இடம் எதுங்க? நீங்க தினமும் போறீங்க, உங்களுக்குத் தெரியும்."

அண்ணி கொஞ்சம் யோசித்தாள். மெத்தென்ற நல்ல சேறு இடதுபக்கம், மணல்மேட்டை ஒட்டி இருந்தது. இருபத்திரண்டு வருஷமாக அவள் சோறு தின்கிற இடம். வலதுபக்கம், உடைந்த படகுத்துறை ஓரம், அவளே போகாத இடம். அவள் கை வலதுபக்கம் நீண்டது.

"அங்க. அந்தக் கட்டைக்கு அந்தாண்ட."

"ரொம்ப நன்றிங்க" என்று சொல்லிவிட்டு அவர் போனார். நாத்தனார் வானத்தைப் பார்த்து மேகத்தை எண்ணினாள்.

அரை மணி நேரம் கழித்து, மணல்மேட்டுப் பக்கம் வேலையாக இருந்த அண்ணி தற்செயலாகத் தலையைத் தூக்கினாள். படகுத்துறை ஓரம் தொப்பி தெரிந்தது. ஆனால் தொப்பி இருக்கவேண்டிய உயரத்தில் இல்லை. மனுஷன் இடுப்பு வரைக்கும் உள்ளே போயிருந்தார். அண்ணி திரும்பித் தண்ணீரைப் பார்த்தாள். ஏற ஆரம்பித்திருந்தது.

வாளியை அப்படியே போட்டுவிட்டுப் பலகையை உதைத்தாள். அப்படி அவள் உதைத்ததே இல்லை. வழியெல்லாம், "நான் ஒரு பாவி, நான் ஒரு பாவி" என்று முனகிக்கொண்டே போனாள்.

கிட்டே போனபோது அவர் மண்வெட்டியைக் குறுக்கே போட்டு அதன்மேல் இரண்டு கையையும் ஊன்றியிருந்தார். முகம் வெளுத்திருந்தது.

"அசையாதீங்க சார். அசைஞ்சா இன்னும் இறங்கும்."

"அசையலைங்க. ரொம்ப நேரமா அசையாமத்தான் இருக்கேன்."

அண்ணி பலகையை அவர் நெஞ்சுக்கு நேராகத் தள்ளி, குப்புறப் படுக்கச் சொன்னாள். பிறகு அவர் காலைச் சுற்றிக் கையால் தோண்டித் தோண்டித் தண்ணீரை உள்ளே விட்டாள். சேறு இளகியது. இடது கால் வந்தது. வலது கால் வந்தது, ஆனால் பூட்ஸ் வரவில்லை. அது இன்னும் அங்கேதான் இருக்கிறது. அவரைப் பலகையில் மூட்டை மாதிரி போட்டு, தான் பின்னால் படுத்து உதைத்துத் தள்ளிக்கொண்டே கரை சேர்ந்தாள். பாலத்தின் மேலிருந்து தூண்டில்காரர்கள் கை தட்டினார்கள்.

கடையில் நாற்காலியைப் போட்டு உட்கார வைத்தார்கள். நாத்தனார் பிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தாள். அவர் ஒரு காலில் பூட்ஸும் ஒரு காலில் வெறும் சாக்ஸுமாக உட்கார்ந்து, "நீங்க மட்டும் இல்லைன்னா இன்னைக்கு என்ன ஆயிருக்கும்" என்று மூன்று தடவை சொன்னார். ஒவ்வொரு தடவையும் அண்ணிக்கு முதுகில் சூடு போட்ட மாதிரி இருந்தது.

நாத்தனார்தான் நேராக விஷயத்துக்கு வந்தாள். "கடை எங்க போடப் போறீங்க?"

"என்ன கடை?"

"புழுக் கடைதான்."

"எனக்கு எதுக்குங்க புழு?" என்றார் அவர். நிஜமாகவே புரியாமல் கேட்டார். பிறகு போனை எடுத்துத் துடைத்து, ஒரு படத்தைக் காட்டினார். "நான் மியூசியத்துல மீன் பிரிவுல வேலை பாக்கறேன். இதைத் தேடித்தான் வந்தேன்."

படத்தில் ஒரு கண்ணாடி ஜாடி. உள்ளே சாண் நீளத்துக்கு, நைந்து போன கயிறு மாதிரி ஏதோ ஒன்று. ஏழு வருஷத்துக்கு முன்னால் மீன் சந்தையில் பெரிய மீன் ஒன்றை அறுத்தபோது, அதன் வயிற்றுக்குள் இது பாதி செரித்துக் கிடந்ததாம். வாலே இல்லை. தாடையும் பல்லும் மட்டும் நன்றாக இருந்தன. அந்தப் பல் வரிசை எந்தப் புத்தகத்தில் இருக்கிற விலாங்கோடும் பொருந்தவில்லை. சேற்றுக்குள் வளை தோண்டி வாழ்கிற விலாங்கு, இதுவரை யாரும் பெயர் வைக்காத விலாங்கு என்று அவருக்குத் தோன்றியது. ஆனால் ஒரு அரைகுறைத் துண்டை வைத்துக்கொண்டு யாரை நம்ப வைப்பது? அதனால் வருஷா வருஷம் கிடைக்கிற லீவை எல்லாம் சேர்த்துக்கொண்டு, ஒவ்வொரு முகத்துவாரமாகப் போய்த் தோண்டுகிறார். இது ஆறாவது முகத்துவாரம்.

"இன்னும் ஒண்ணு கூடக் கிடைக்கலைங்க" என்றார்.

இரண்டு பெண்களும் தலையோடு தலை முட்ட அந்தப் படத்தைப் பார்த்தார்கள். நாத்தனார் அண்ணியைப் பார்த்தாள். அண்ணி நாத்தனாரைப் பார்த்தாள்.

"அண்ணி, இது நம்ம நாடா இல்ல?"

"நாடா மாதிரிதான் இருக்கு. மூஞ்சி அதேதான்."

"எந்த நாடா?" என்றார் கொடிக்காரர்.

"பாவாடை நாடா மாதிரி இருக்கும் சார்" என்றாள் அண்ணி. "வெளுப்பா, நீளமா. புழுவோட சேந்து வாளியில வந்துடும். கொக்கியில மாட்டினா தானே முடிச்சுப் போட்டுக்கும். பெரிய மீன் வேணா திங்குமோ என்னமோ, இங்க தூண்டில்ல வர்ற மீன் எதுவும் அதைத் திரும்பிக்கூடப் பாக்காது. ஒண்ணுக்கும் உதவாது."

"அப்ப அதை என்ன பண்ணுவீங்க?"

"தூக்கிப் போட்டுடுவேன்."

"எப்ப?"

"தினமும்தான். ரெண்டு வரும், சில நாள் மூணு வரும். இன்னைக்குக் காலைலகூட ஒண்ணு வந்தது."

அவர் டீ டம்ளரைக் கீழே வைத்தார். ஆற்றுப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அழப்போகிறாரோ என்று அண்ணி பயந்தாள். ஆனால் அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது, பிறகு சிரிப்புச் சத்தம் வந்தது. கண்ணில் தண்ணீர் வர வரச் சிரித்தார். சேற்றுக் கையால் துடைத்து முகமெல்லாம் பூசிக்கொண்டார். "தூக்கிப் போட்டுட்டீங்களா" என்று கேட்டுவிட்டு மறுபடியும் சிரித்தார். நாத்தனாருக்கும் தொற்றிக்கொண்டது.

அண்ணிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்து நின்றாள்.

"சார், ஒண்ணு சொல்லணும். நல்ல இடம் இடதுபக்கம் இருக்கு. நான் வேணும்னேதான் வலதுபக்கம் கையைக் காட்டினேன்."

சிரிப்பு நின்றது. அவர் அவளைப் பார்த்தார்.

"போட்டிக் கடைன்னு நினைச்சீங்களா?"

"ஆமாம்."

"நியாயம்தான்" என்றார் அவர். "நானா இருந்தா இன்னும் ஆழமான இடமாக் காட்டியிருப்பேன்."

அன்றைக்கு ராசியானார்கள். மறுநாள் தண்ணீர் இறங்கியதும் நாடாவைப் பிடித்துக் கொடுப்பதாக அண்ணி வாக்குக் கொடுத்தாள். அவர் மறுபடியும் புதையாமல் இருக்க இரண்டாவது பலகை வேண்டியிருந்தது. நல்லவேளை, லிஃப்ட்டுக்குக் கதவு இரண்டு. வீட்டுக்காரர் சாயங்காலமே மற்றக் கதவையும் வளைத்துக் கொடுத்துவிட்டார்.

மறுநாள் நாடா வரவில்லை.

அதற்கடுத்த நாளும் வரவில்லை. மூன்றாம் நாள் புழு மட்டும் வாளி வழிய வந்தது. வேண்டாம் வேண்டாம் என்று தூக்கிப் போட்ட காலத்தில் கையைச் சுற்றிக்கொண்டு வந்த சனியன், வேணும் என்று தேடினால் இருந்த இடம் தெரியவில்லை. கொடிக்காரர் பக்கத்திலேயே தன் பலகையில் மண்டியிட்டுப் பொறுமையாகக் காத்திருந்தார். அந்தப் பொறுமைதான் அண்ணியை வாட்டியது. முதலில் ஏமாற்றினவள் இப்போதும் கதை விடுகிறாள் என்று நினைத்திருப்பாரோ?

"நம்ம மானத்தை வாங்குது அண்ணி" என்றாள் நாத்தனார். "இத்தனை வருஷம் அதை மதிக்கலைன்னு கோவம் போல."

நாலாம் நாள் அண்ணி தோண்டவே இல்லை. பலகையில் குப்புறப் படுத்து, இரண்டு உள்ளங்கையையும் சேற்றின்மேல் விரித்து வைத்துக்கொண்டு பேசாமல் கிடந்தாள். கொஞ்ச நேரத்தில் கையில் ஏதோ தட்டுப்பட்டது. ஒரு அதிர்வு. ரொம்ப லேசாக, நிற்காமல். இன்ஜின் படகு பக்கத்தில் போனால் இப்படித்தான் இருக்கும். படகு போன நாளில் நாடா வராது என்பதும் அவளுக்குத் தெரியும். ஆனால் ஆற்றில் படகே இல்லை. தலையைத் தூக்கிப் பார்த்தாள். மணல்மேட்டைச் சுற்றி, இந்த நாலு நாளில் அவர் நட்ட கொடிகள் காற்றில் படபடத்துக்கொண்டிருந்தன. ஒவ்வொரு துணியும் அடிக்க அடிக்க, குச்சி ஆடியது. குச்சி ஆட ஆட, சேறு நடுங்கியது.

"சார், உங்க கொடியெல்லாம் பிடுங்கணும்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும். அதுங்களுக்குத் தலைக்கு மேல இடைவிடாம முரசு அடிக்கிற மாதிரி இருக்கு. ஆழத்துக்குப் போயிடுச்சுங்க."

அவர் கொடிகளைப் பார்த்தார். இங்கேயும் கரையோரமும் சேர்த்து நூற்றுக்கணக்கில். ஒவ்வொன்றுக்கும் நம்பர், ஒவ்வொன்றுக்கும் நோட்டில் ஒரு பக்கம். மூன்று வார உழைப்பு. தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். பிறகு பக்கத்தில் இருந்த முதல் கொடியை அவரே பிடுங்கினார்.

அன்றைக்குத் தண்ணீர் ஏறுகிற வரைக்கும் கொடி பிடுங்குவதே வேலையாகப் போயிற்று. கடையை விட்டு நகராத நாத்தனார்கூடப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கரையோரக் கொடிகளைப் பிடுங்கினாள். கட்டுக் கட்டாகக் கொண்டுவந்து கடைக்குப் பின்னால் சாத்தினார்கள். பின்னாளில் பாலத்துச் சீட்டுக்காரர் தன் தக்காளிச் செடிகளுக்கு முட்டுக் கொடுக்க அவற்றை எடுத்துப் போனார்.

மறுநாள் காற்று இருந்தது, நடுக்கம் இல்லை. அண்ணி சேற்றில் பென்சில் நுழைகிற அளவுக்கு ஒரு துளையைக் காட்டினாள்.

"இதான் அது. நீங்க என்ன பண்ணியிருப்பீங்க?"

"மண்வெட்டியை வச்சு நேராக் கீழ தோண்டியிருப்பேன்."

"அதான் தப்பு. தலை மேல இருக்கு சார். அது உள்ளேருந்து உங்களைப் பாத்துட்டுத்தான் இருக்கும். வால்தான் கீழ. வாலாலதான் தோண்டும். மண்வெட்டி விழுந்ததும் பின்பக்கமாவே கீழ போயிடும், திரும்பக்கூட வேண்டியதில்லை. நீங்க அதைத் துரத்தக் கூடாது. அதுக்கு முன்னாடியே கீழ போய் உக்காந்துக்கணும்."

"வாலால தோண்டும்னு எப்படிங்க தெரியும்?"

"இத்தனை வருஷமா என் கைக்குள்ள வருதே. வந்து குத்தறது வால்தான். ஊசி மாதிரி இருக்கும்."

சொல்லிவிட்டு, துளைக்கு ஒரு முழம் தள்ளி, பக்கவாட்டில் கையை விட்டாள். முழங்கை போயிற்று. தோள் போயிற்று. கன்னம் சேற்றில் பதிந்தது. கண்ணை மூடிக்கொண்டாள். மற்றக் கையின் ஒரு விரலால் துளையின் விளிம்பைத் தட்டினாள், கதவைத் தட்டுகிற மாதிரி.

கரையில் நாத்தனார், வியாபாரத்தை விட்டுவிட்டு நாற்காலிமேல் ஏறி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வந்துடுச்சு" என்றாள் அண்ணி மெதுவாக.

கை வெளியே வந்தபோது, விரல்களுக்கு நடுவே அது சுற்றிக்கொண்டிருந்தது. இரண்டு முழ நீளம், சுண்டுவிரல் பருமன். கழுவியதும் தந்த நிறம். முதுகோடு ஒரே ஒரு சிவப்புக் கோடு, தையல் போட்ட மாதிரி. கண் கடுகளவு. வால் நுனி நகம் போலக் கெட்டியாக, கூராக இருந்தது. ஏழு வருஷமாக ஜாடியில் வாலில்லாமல் கிடந்ததன் வால். கொடிக்காரர் இரண்டு கையையும் ஏந்தி வாங்கிக்கொண்டார். வாங்கிக்கொண்டு அப்படியே சிலையாகிவிட்டார்.

"சார், மூச்சு விடுங்க" என்றாள் அண்ணி.

மியூசியத்தின் பின்பக்க அறைக்கு அண்ணியும் கூடவே போனாள். நாடாவை வாளியில் வைத்துத் தனியாக அனுப்ப அவளுக்கு மனசு வரவில்லை. சுவர் முழுக்கக் கண்ணாடி ஜாடிகள், ஒவ்வொன்றிலும் ஒரு மீன், எல்லாம் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு. மீன் பிரிவின் தலைவி அங்கே காத்திருந்தார். நரைத்த குட்டை முடி, மூக்கு நுனியில் கண்ணாடி. அந்த அம்மா சிரித்துப் பார்த்தவர்கள் யாரும் இல்லை என்று கொடிக்காரர் வழியிலேயே சொல்லி வைத்திருந்தார். தொட்டியில் வெள்ளை வெளேரென்று மணல் போட்டு வைத்திருந்தார்கள். நாடாவை உள்ளே விட்டார்கள். அது மணல்மேல் நீட்டிப் படுத்துக்கொண்டது. தோண்டவும் இல்லை, துள்ளவும் இல்லை.

"உடம்பு சரியில்லையோ" என்றார் தலைவி.

அண்ணி தொட்டிக்குள் விரலை விட்டு மணலைத் தேய்த்துப் பார்த்தாள். "இது கழுவின மணலா?"

"ஏழு தடவை கழுவினது."

"அதான். ஒட்டும் இல்லை, வழவழப்பும் இல்லை. நம்மளைக் கண்ணாடிச் சில்லு மேல படுக்கச் சொன்ன மாதிரி இருக்கும் அதுக்கு. இருங்க, நாளைக்கு நான் கொண்டு வரேன்."

மறுநாள் இரண்டு வாளிச் சேற்றோடு பஸ் ஏறினாள். இது என்ன என்று கண்டக்டர் கேட்டார். "ஒருத்தர் வீடு மாறுறாங்க, வீட்டைக் கொண்டு போறேன்" என்றாள். அவர் வாளிக்குள் பார்த்துவிட்டு, மேலே ஒன்றும் கேட்காமல் அடுத்த சீட்டுக்குப் போய்விட்டார்.

சேற்றைத் தொட்டியில் கொட்டி நாடாவை விட்டதும், அது தலையைத் தூக்கியது. வாலை நட்டது. ஒரு நெளி, இரண்டு நெளி, மூன்றாவது நெளியில் ஆளைக் காணோம். சேற்றின்மேல் ஒரு சின்னத் துளையும் அதில் இரண்டு கடுகுக் கண்ணும்தான் மிச்சம். தலைவி ஒரு ஸ்டூலை இழுத்துத் தொட்டிக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தார். அவர் முகம் ஸ்கூல் பிள்ளை முகம் மாதிரி ஆகியிருந்தது.

"இன்னொரு தடவை செய்யுமா?"

ஐந்து தடவை வெளியே எடுத்து விட்டுப் படம் பிடித்தார்கள். ஆறாவது தடவைக்கு அண்ணி விடவில்லை. "போதும்மா. அதுக்கும் மனசுன்னு ஒண்ணு இருக்கு."

டீ குடிக்கும்போது, இதன் முட்டை எப்படி இருக்கும் என்பது யாருக்கும் தெரியாது, அதைக் கண்டுபிடிக்க இன்னும் பத்து வருஷம் ஆகலாம் என்று தலைவி பெருமூச்சு விட்டார்.

"மழைக்கு முந்தின ரெண்டு மாசம் வயிறு பெருத்து வரும்" என்றாள் அண்ணி. "வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சா உள்ள மஞ்சளா மணி மணியாத் தெரியும்."

தலைவியும் கொடிக்காரரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இதை ஏங்க என்கிட்ட சொல்லலை?" என்றார் அவர்.

"நீங்க எங்க கேட்டீங்க?"

அதற்குப் பிறகும் எட்டு மாதம் ஆயிற்று. புதுசு என்று சொல்லிவிடுவது அவ்வளவு லேசு இல்லை என்று அண்ணி தெரிந்துகொண்டாள். வேறு நாடுகளிலிருந்து ஜாடி ஜாடியாக விலாங்குகளைத் தபாலில் வரவழைத்து, பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். இது இல்லை, அதுவும் இல்லை. எக்ஸ்ரே எடுத்து முதுகெலும்புக் கணுக்களை எண்ணினார்கள். கொடிக்காரர் எண்ணினால் நூற்றி எழுபத்தொன்று வந்தது. தலைவி எண்ணினால் நூற்றி எழுபத்திரண்டு. இரண்டு பேரும் மறுபடி எண்ணினார்கள், அவருக்கு எழுபத்திரண்டும் அந்த அம்மாவுக்கு எழுபத்தொன்றும் வந்தது. கடைசியில் படத்தை அண்ணியிடம் நீட்டினார்கள். டப்பாவுக்கு இத்தனை என்று ஐந்து ஐந்தாகப் புழு எண்ணிப் பழகிய கண் அது. விரலை வைத்து ஒரே ஓட்டமாக எண்ணிக்கொண்டு போனாள்.

"நூத்தி எழுபத்திரண்டு. கடைசி ரெண்டு ஒட்டிக்கிட்டு இருக்கு, பாருங்க."

பார்த்தார்கள். ஒட்டிக்கொண்டுதான் இருந்தது.

பெயர் வைக்கிற நேரம் வந்தபோது, முதலில் பிடித்துக் கொடுத்தவர் பெயரை வைப்பதும் உண்டு என்றார் தலைவி. அண்ணிக்குக் கூச்சமாகிவிட்டது. "அதுக்குத்தான் ஏற்கெனவே பேர் இருக்கே" என்றாள். அறிவியல் பெயரின் முதல் பாதி ஏதோ வாயில் நுழையாத வார்த்தை. இரண்டாவது பாதி நாடா.

இதைக் கேட்டதும் நாத்தனார் முதலில் முகத்தைத் தூக்கிக்கொண்டாள். உலகம் முழுக்கத் தெரியப்போகிற வாய்ப்பை அண்ணி கோட்டைவிட்டுவிட்டாள் என்று அவளுக்கு வருத்தம். பிறகுதான் உறைத்தது. பல வருஷத்துக்கு முன்னால், வாளியைக் கொட்டுகிறபோது, "என்ன அண்ணி இது, பாவாடை நாடா மாதிரி" என்று முதன்முதலில் சொன்னது யார்? அவள்தான். அது உறைத்த நாளிலிருந்து புழு வாங்க வருகிற யாரும் அந்தக் கதையைக் கேட்காமல் டப்பாவைக் கையில் வாங்க முடியாது என்று ஆகிவிட்டது.

கட்டுரை வெளிவந்த அன்று கொடிக்காரர் அச்சுத்தாளோடு கடைக்கு ஓடிவந்தார். எழுதியவர்கள் மூன்று பேர். கொடிக்காரர், தலைவி, மூன்றாவது அண்ணி. அவர் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லச் சொல்ல, நாலைந்து தூண்டில்காரர்களும் சுற்றி நின்று கேட்டார்கள். இந்த விலாங்கு வாலால் வளை தோண்டுவதை முதலில் கவனித்தவர் இன்னார் என்று ஒரு வரி வந்தது. அண்ணி அந்த வரியை இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். சொன்னார். பிறகு அவள் தொட்டியில் சாக்கைச் சரிசெய்கிற சாக்கில் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நாத்தனார் மூக்கைச் சிந்திக்கொண்டே எல்லாருக்கும் டீ ஊற்றினாள்.

இதில் யாருக்குத் தலைகால் புரியவில்லை என்றால், வீட்டுக்காரருக்குத்தான். அதிகம் பேசாத மனுஷர். கட்டுரையை வாங்கி, கிரீஸ் கை படாமல் இரண்டு விரல் நுனியில் பிடித்துப் பார்த்துவிட்டு, மடிக்காமல் பைக்குள் வைத்துக் கொண்டுபோனார். என்ன செய்தார் என்பது ஞாயிற்றுக்கிழமைதான் தெரிந்தது. "ஒரு இடம் வரைக்கும் வா" என்று அவளைத் தான் பராமரிக்கிற பன்னிரண்டு மாடிக் கட்டடத்துக்குக் கூட்டிப்போனார். லிஃப்ட்டுக்குள், வழக்கமாக அறிவிப்பு ஒட்டுகிற கண்ணாடிச் சட்டத்துக்குள், நாடாவின் படமும் கட்டுரையின் முதல் பக்கமும் இருந்தன. கீழே தன் கையெழுத்தில், குண்டு குண்டாக, அந்த வாலைப் பற்றிய வரியைத் தமிழில் எழுதி ஒட்டியிருந்தார்.

"என்னங்க இது" என்றாள் அண்ணி.

"ஏறு" என்றார்.

மூன்றாவது மாடியில் காய்கறிப் பையோடு ஒரு பெண்மணி ஏறி, ஆறாவது மாடிக்குப் பொத்தானை அழுத்தினாள். ஏறினதுமே படத்தைக் காட்டி, பேச்சுத் துணை கிடைத்த மாதிரி அண்ணியிடம் பேச ஆரம்பித்தாள்.

"தினமும் இதைத்தான் படிக்கறேன். என் பொண்ணுக்கு மனப்பாடமே ஆயிடுச்சு. இப்படி ஒண்ணு நிஜமாவே இருக்கா?"

"இருக்கு" என்றாள் அண்ணி. "கொஞ்சம் கூச்ச சுபாவம்."

"நீங்க பாத்திருக்கீங்களா?"

அண்ணி தரையைப் பார்த்தாள். வீட்டுக்காரர் அதுவரைக்கும் மூலையில் நின்று மோட்டார் சத்தத்தைக் கவனிக்கிற மாதிரிதான் நின்றார். இதற்கு மேல் அவரால் முடியவில்லை. தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"அதுல மூணாவது பேர் இருக்கு பாருங்க. அது இவங்கதான். என் வீட்டுக்காரி."

அந்தப் பெண்மணி தாளைப் பார்த்தாள், அண்ணியைப் பார்த்தாள், மறுபடி தாளைப் பார்த்தாள். ஆறாவது மாடியில் கதவு திறந்தது. யாரும் இறங்கவில்லை. கதவு மூடிக்கொண்டது.

"வால் எப்படிங்க அவ்வளவு கெட்டியா இருக்கும்?" என்று கேட்டபடி அவள் பையைக் கீழே வைத்தாள்.

அண்ணி கையை நீட்டி, சுண்டுவிரலை மடக்கிக் காட்டிச் சொல்ல ஆரம்பித்தாள். லிஃப்ட் மேலே போய்க்கொண்டிருந்தது.